நடுப்படி

"படி உங்களோடது, வலி மட்டும் என்னோடதா?"

காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே மூலைவீட்டுக்காரி விட்டுவிட்டாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதே வசனத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தெரு அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

மூலைவீட்டுக்காரி ஜன்னல் வழியாகவே பதில் கொடுத்தாள். "கீழே பார்த்து நடந்தா கால் ஏன் பிசகுது?"

"படின்னா நடக்கறதுக்கு! ஊஞ்சல் மாதிரி ஆடினா நான் என்ன பண்ண?"

ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

நடுப்படியில் டைல்ஸ் பெயர்ந்தது போன மழைக்கு. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மேல்படி, கீழ்ப்படி, தெரு. நடுவில் யாரும் கால் வைப்பதில்லை. அவள் கணவர் பேப்பர் படித்துக்கொண்டே தாண்டுவார். பூனைகூடத் தாண்டும். வருகிறவர்களுக்குத்தான் இதை யாரும் சொன்னதில்லை.

நேற்று ரேடியோ விழுந்தாள். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அதே குடையை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டி வீடு போய்ச் சேர்ந்தாள். குடை மறுபடியும் எதிர்வீட்டில்.

மூலைவீட்டுக்காரி உடனே கொழுந்தனுக்கு போன் போட்டாள். வக்கீல்.

"அண்ணி, அவங்களா வந்தாங்களா, நீங்க கூப்பிட்டீங்களா?"

"நான் எதுக்குக் கூப்பிடறேன்? குடையைக் கொண்டு வந்து குடுங்கன்னு நாலு தடவை கேட்டேன், அவ்வளவுதான்."

"போச்சு. அது அழைப்புதான்."

"நம்ம குடையை நாம கேட்டா அழைப்பா? நல்லா இருக்கே உங்க சட்டம்!"

"டைல்ஸ் பெயர்ந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பூனைக்கே தெரியும்."

"ஐயோ, அதை வெளியில சொல்லிடாதீங்க! தெரிஞ்சும் சரி பண்ணாம விட்டா, விழுந்தவங்களுக்கு வீட்டுக்காரங்கதான் பொறுப்பு. கேஸ் போட்டா நஷ்டஈடு குடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப இன்னிக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஒட்டிடறேன்."

"தொடவே தொடாதீங்க! இப்ப ஒட்டினா தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. இந்த விவகாரம் ஆறுற வரைக்கும் படி அப்படியே இருக்கட்டும். முக்கியமா, சாரின்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேருந்து வரவே கூடாது."

அதுதான் கஷ்டம். கான்வென்ட்டில் படித்தவள். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமே சாரி கேட்டுப் பழகிய நாக்கு. கடித்து உள்ளே தள்ளினாள்.

"இன்னொண்ணு அண்ணி. அந்தம்மா படிப்பக்கம் வந்தா போட்டோ எடுத்து வைங்க. இன்னும் ரெண்டு டைல்ஸைப் பெயர்த்துட்டு உங்க தலையில கட்டினாலும் கட்டுவாங்க."

கணவர் மட்டும் மெதுவாக ஆரம்பித்தார். "எதிர்வீடு. ஒரு எட்டு போய், கால் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வந்துடேன்."

"உங்க தம்பி அவ்வளவு சொல்லியும் உங்க மண்டையில ஏறலையா?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு, நடுப்படியைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கோ வேலை தலைக்கு மேல். நாளைக்கு மகள் வருகிறாள், வாயும் வயிறுமாக. அதையும் தெருவுக்கு அறிவித்தது ரேடியோதான். அறையை ஒழித்தாள். மெத்தையை உதறினாள். உதறிய உதறலில் பாதி எதிர்வீட்டுக்குச் சேரவேண்டியது.

மத்தியானம், தெரு கண் அசந்திருந்த நேரம். வாசலில் 'கரக், கரக்' என்று சத்தம்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ரேடியோ! கட்டுப் போட்ட காலை நீட்டியபடி கீழ்ப்படியில் உட்கார்ந்து, நடுப்படியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு மறைப்பாகப் பக்கத்தில் விரித்து வைத்த குடை. அதே குடை.

கொழுந்தன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும்! போனைக் கையில் பிடித்து, போட்டோ எடுக்கத் தயாராக, கதவைத் திறந்தாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா! இருக்கற படியையும் பெயர்க்க வந்துட்டீங்களா?"

"கத்தாதீங்க. தெரு முழிச்சுக்கும்."

ரேடியோவா இப்படிக் குரலைத் தாழ்த்துகிறது! அப்புறம்தான் மூலைவீட்டுக்காரி கவனித்தாள். ரேடியோவின் கையில் ஒரு பழைய கரண்டி. மடிக்குப் பக்கத்தில் டப்பா நிறைய சிமெண்ட் கலவை. பெயர்ந்திருந்த டைல்ஸ் பாதி பதிந்து உட்கார்ந்திருந்தது.

"எங்க பாத்ரூம் வேலையில மிஞ்சினது" என்றாள் ரேடியோ, நிமிராமலே. "இதுக்காக உங்களை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. என் காலுக்கு நீங்க பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா நாளைக்கு உங்க பொண்ணு வருதே. டைல்ஸ் பெயர்ந்தப்புறம் அது இந்தப் பக்கம் வந்ததே இல்லை. தாண்டி இறங்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

போனைப் பிடித்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

"போட்டோ அப்புறம் எடுக்கலாம். கலவை இறுகுது, கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க."

ரேடியோ கரண்டியால் ஓரத்தை வழித்தாள். டைல்ஸைத் தட்டிப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"உங்களைத்தாங்க... கொஞ்சம் தண்ணி."