மூன்றாம் பதிப்பின் பெயர்

2016 மார்ச் மூன்றாம் தேதி, பிஷ்கெக்கில் ஒரு சிறிய நிறுவனம் தன் சர்வர் மென்பொருளின் மூன்றாம் பதிப்புக்குப் பெயர் தேடியது. ‘கழுகு’ என்ற முதல் பதிப்பு ஒரு வாரத்தில் படுத்துவிட்டது. இரண்டாவதான ‘பனிச்சிறுத்தை’ ஒரு மாதம் தாங்கவில்லை.

“புலின்னு வைப்போம்,” என்றான் பெக்துர்.

“இருக்கிற மிருகத்தையெல்லாம் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?” என்றாள் நுர்சாத். “‘துர்சுன்’னு வைப்போம். முந்தின பிள்ளைங்க தங்கலைன்னா, இதாவது நிலைக்கட்டும்னு நம்ம ஊர்ல வைக்கிற பேரு.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி எமில் மட்டும் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அது வேண்டாம்.”

“பட்டிக்காட்டுப் பேருன்னு பார்க்கறீங்களா, அகாய்?” என்றாள் நுர்சாத். மூத்தவர்களை அங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“இதுவும் படுத்துட்டா, ‘துர்சுன் செத்துட்டான்’னு போன் மேல போன் வரும். அதை என்னால கேட்டுக்கிட்டிருக்க முடியாது.”

“மென்பொருள்தானே, அகாய்.”

“எனக்கு முன்னாடி பிறந்த ரெண்டு பேரும் தங்கலை, நுர்சாத். எங்கம்மா எனக்கு வெச்ச பேரு அது. பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணாங்கன்னு எமில்னு மாத்திக்கிட்டேன். சாயங்காலம் மேய்ச்சல் மலையில அம்மா கூப்பிட்டா, அடுத்த கூடாரம் வரைக்கும் கேக்கும். அவ போனப்புறம் அந்தப் பேரைச் சொல்ல ஆளில்லை.”

நுர்சாத் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

“இது நிலைச்சுட்டா தினமும் பத்துப் பேர் சொல்வாங்களே, அகாய்.”

மே மாதம் துர்சுன் வெளியானது. அந்தக் கோடை முழுக்க, “துர்சுன் எப்படி இருக்கு?” என்று யார் யாரைக் கேட்டாலும் எமில் திரும்பிப் பார்த்தார்.