மழுங்கிய பின்

“எல்லாரும் உட்காருங்க. யாராவது தலைக்கு மேல நின்னா எனக்குக் கை ஓடாது” என்றார் சாலமோன்.

உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன் ஜன்னலோர சோபாவில், டயாலிசிஸ் ஊசி போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. அவர் மனைவி லோகநாயகி சமையலறை வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில். மகள் மிருதுளா சாப்பாட்டு மேசையில், சாலமோனுக்கு எதிரே. நடுவில் பழைய போர்வை விரித்து, அதன்மேல் இரட்டைக் குழல் துப்பாக்கி. பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தம் ஜன்னல் வழியே ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

சாலமோன் துப்பாக்கிக் கடையில் காலமெல்லாம் பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு, பழைய துப்பாக்கியில் எந்த வேலை எப்போது நடந்தது என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறார். கூப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். ‘நூறு வருஷம்னு போட்டுக் குடுங்க சார்.’ அலுத்துவிட்டது. படப்பையிலிருந்து பஸ் மாறி வந்ததில் முட்டி வேறு விண்விண் என்றது.

துப்பாக்கிக் கட்டையில் பித்தளைத் தகடு வைத்து, ஸ்டார் ஸ்க்ரூ முடுக்கி ஒட்டுப் போட்டிருந்தது.

“தாத்தா சிறுத்தையை அடிச்சப்போ உடைஞ்சதாம். அப்பா சொல்வாரு” என்றாள் மிருதுளா.

“அந்தக் காலத்துச் சிறுத்தைக்கு ஸ்டார் ஸ்க்ரூவாம்மா?”

“அப்பா!” என்று சிரித்துவிட்டாள்.

“சரி, பரண்லேர்ந்து விழுந்துச்சு. அத விடுங்க சார், விஷயத்துக்கு வாங்க” என்றார் ஸ்ரீரங்கன்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், மகன் உமேஷ் ஜென்சியைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்து வந்த அன்று, ஸ்ரீரங்கன் இந்தத் துப்பாக்கியோடு இருவரையும் கேட் வரை துரத்தினார். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். அதோடு உமேஷ் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இப்போது சிறுநீரகம் கைவிட்ட பிறகு ஸ்ரீரங்கன் மகனுக்குச் சொல்லியனுப்பினார்: ‘துப்பாக்கியோட பின்னை முன்னாடியே அரத்தால ராவ வெச்சுட்டேன். வெடிக்காதுன்னு தெரிஞ்சுதான் மிரட்டினேன்.’

பெங்களூரிலிருந்து உமேஷின் பதில் வந்தது: ‘இப்ப ராவிட்டு அப்போ ராவினதா சொல்வாரு. விவரம் தெரிஞ்சவர் பாத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். நெஜம்னா வர்றேன்.’

தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் சின்ன முள்தான் பின். ஒரு குழலுக்கு ஒன்று. சாலமோன் இரண்டையும் கழற்றி, லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டின் முனையும் அரத்தால் ராவி மழுங்கிப் போயிருந்தது.

“என்ன சார்?” ஸ்ரீரங்கனின் குரல் கெஞ்சியது.

“பழைய வேலைதான். அரம் போன கோட்டுக்குள்ள துரு ஏறியிருக்கு. அதுமேல கிரீஸ் காஞ்சு பிசினாட்டம் ஒட்டியிருக்கு. புதுசா ராவினா பளபளன்னு காட்டிக் குடுத்துடும்.”

“சண்டை நடந்த கையோட துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சாச்சு சார். அவங்க வெச்ச அரக்கு முத்திரையை நேத்துதான் என் கண்ணு முன்னால உடைச்சாங்க” என்றாள் மிருதுளா.

“அப்போ சண்டைக்கு முன்னாடியே ராவினதுதான். அன்னைக்கு இதால சுட்டிருக்கவே முடியாது.”

ஸ்ரீரங்கன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“யார்ட்ட குடுத்து ராவினீங்க சார்?”

ஸ்ரீரங்கன் மனைவியைப் பார்த்தார்.

“துப்பாக்கிக்கு எண்ணெய் போட வீட்டுக்கே ஒருத்தர் வருவாரு. இப்ப அவர் இல்ல” என்றார் லோகநாயகி.

சாலமோன் தலையாட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார். கண்டதை மட்டும் எழுதுவது அவர் வழக்கம். இரண்டு பின்களும் பல வருடங்களுக்கு முன்பே ராவப்பட்டவை, குறிப்பிட்ட நாளில் இத்துப்பாக்கி வெடித்திருக்க வழியில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மிருதுளா அதை உறையில் போட்டுக் கோந்து தடவி, நாலு மூலையும் அழுத்தி ஒட்டினாள். “போஸ்ட் ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடறேன்” என்று ஸ்கூட்டிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்ரீரங்கன் அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். கேட் வரை வந்து வழியனுப்பியது லோகநாயகிதான்.

“வருவான் இல்லீங்களா?”

“வருவாரும்மா. சார் நல்லவேளையா முன்கூட்டியே யோசிச்சு ராவ வெச்சாரு.”

“ராவ வெச்சது நான்தாங்க. அவர் ஆபீஸ் போயிருந்தப்போ. அவர் கோவம் எனக்குத்தானே தெரியும்.”

ஸ்கூட்டி சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. சாலமோன் மெதுவாகக் கேட்டார்.

“அவருக்கு அது எப்போ தெரிஞ்சுது?”

லோகநாயகி கேட்டின் கொண்டியைப் போட்டார்.

“அன்னைக்குத்தான். இதே எடத்துல. ரெண்டு டிரிகரையும் அழுத்தினப்புறம்.”