கடைசி பெஞ்சு வரை

செருப்புச் சத்தம் அவளை நோக்கித்தான் வந்தது.

அவள் நிமிரவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கப் பழகியிருந்தாள். எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். பெஞ்சு காலியாகும். போகிறவர்களின் சேலை அவள் முழங்காலில் உரசும். திரும்பி வரும்போது யாரும் உரசமாட்டார்கள். வாயில் அப்பம் கரைந்துகொண்டிருக்கும்போது எல்லோருக்கும் நடை மாறிவிடும்.

இன்று எல்லோரும் திரும்பி வந்து முழந்தாளிட்ட பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை.

சரக். சரக்.

கால் வலிக்காரர்கள் போடும் கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு. அதற்கு மேல் வெள்ளை அங்கியின் ஓரம்.

புதுச் சாமி.

போன வாரம்தான் இந்தக் கோயில் பங்குக்கு வந்தவர். முழங்கால் சரியில்லை. டாக்டர் சொல்லிவிட்டார் என்று கோயிலுக்குள்ளும் செருப்போடு நடக்கிறார். மண்டியிட்டு எழும்போது பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். அதனாலோ என்னவோ, உட்கார்ந்தே இருப்பவர்கள் எல்லோரும் அவர் கண்ணுக்கு நடக்க முடியாதவர்கள். முன்பெஞ்சுக் கிழவிகளுக்கு இடத்துக்கே போய்க் கொடுத்தார். பிறகு கோயிலின் நீளம் முழுவதும் நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

பாட்டு முடிந்திருந்தது. யாரோ இருமலை அடக்கினார்கள்.

"கிறிஸ்துவின் உடல்."

அவள் நிமிர்ந்தாள்.

அப்பம் இவ்வளவு பக்கத்தில்.

பழைய சாமிக்குத் தெரியும். பங்கில் எல்லோருக்கும் தெரியும். இதே பீடத்தின் முன் அவளைக் கைப்பிடித்தவன் திருப்பூரில் இன்னொருத்தியோடு இருக்கிறான். இங்கே அவள் மெக்கானிக் ரொசாரியோடு இருக்கிறாள். போனவன்தான் இன்னமும் உன் புருஷன் என்கிறது திருச்சபை. "பூசைக்கு வா. நன்மைக்கு மட்டும் வராதம்மா" என்று பழைய சாமி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் என்றோ மீறியிருப்பாள்.

இவருக்குத் தெரியாது.

ஒரு ஆமென் போதும். தெரியாமல் கொடுப்பவரிடம் வாங்கிக்கொண்டால் பிழை யாருடையது?

மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கரைவது நாக்குக்கு நினைவிருந்தது. அதற்கு ருசி என்று எதுவும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாததற்காகத்தான் இத்தனை வருடப் பசி.

வாயைத் திறந்தாள்.

"எனக்கு முட்டு வலியெல்லாம் இல்ல சாமி."

அவர் முதலில் அவள் முழங்காலைப் பார்த்தார். பிறகு முகத்தை.

அப்பம் பாத்திரத்துக்குள் திரும்பியது. பெருவிரல் அவள் நெற்றிக்கு வந்தது. சின்னதாக ஒரு சிலுவை. இன்னும் முதல் நன்மை வாங்காத குழந்தைகளுக்குப் போடுவார்களே, அதுபோல.

திரும்பி நடந்தார். ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து.

பக்கத்திலிருந்த பிரகாசி முழங்கையால் இடித்தாள். "வாங்கியிருக்கலாம்லா. அவருக்கு என்ன தெரியும்?"

அதனால்தான் வாங்கவில்லை. இதைப் பிரகாசிக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முகம் கழுவும்போதெல்லாம் கை நெற்றியில் கொஞ்சம் தயங்கியது.

இந்நேரம் கோயில் உபதேசியார் சொல்லியிருப்பார். யார் யார் எப்படி என்று புதுச் சாமிக்கு எடுத்துச் சொல்வதில் அவருக்கு அலாதிப் பிரியம். தெரிந்த பிறகு அந்த முகம் எப்படி இருக்கும்? பழைய சாமியின் முகம் போல, பார்த்தும் பார்க்காத மாதிரி ஆகிவிடுமா? தெரியாமல் கிடைத்த சிலுவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரு நாள் ரொசாரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"ஒங்க சாமி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாரு. ஸ்கூட்டர் கிக்கர மிதிக்க முடியலயாம்."

"எதுவும் கேட்டாரா?"

"நீருதான் ரொசாரியான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

அவள் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது.

"பெறவு?"

"பெறவு என்ன, டீ சொன்னாரு. எனக்கும் சேத்து." தட்டைப் பார்த்தபடி சிரித்தான். "கோயிலுக்கு வாரும்னு ஒரு வார்த்த சொல்லணுமே, மனுசன். கிக்கரப் பத்தித்தான் பேச்சு."

ஞாயிறு.

வரிசை போனது. வந்தது. அவள் இந்த முறை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பார்ப்பதற்காக.

முன்பெஞ்சுக் கிழவிகளுக்குக் கொடுத்து முடித்தார். பீடத்துக்கு ஏறினார். பாத்திரத்தை வைத்து மூடினார்.

அவ்வளவுதான்.

தெரிந்துவிட்டது. தெரிந்தால் இப்படித்தான். இதற்குமுன் ஏமாந்ததே இல்லையா என்ன, என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். குனிந்துகொண்டாள்.

சரக்.

படியில் ஒன்று.

சரக்.

வெறுங்கையோடு இறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு முதல் பெஞ்சின் முனையைப் பிடித்தார். கோயில் முழுவதும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பெஞ்சு. மூன்றாவது.

அவள் எழுந்தாள்.

பிரகாசி சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, எங்க போற?"

"அவருக்குல்லா முட்டு வலி."

சேலையை விடுவித்துக்கொண்டு நடுப்பாதையில் இறங்கினாள்.

வெறுங்காலுக்கு அந்தத் தரை எவ்வளவு குளிர்ச்சி என்பதை மறந்தே போயிருந்தாள்.