திரும்பி வரும் காசு

காசோலை மடிந்துவிடக் கூடாது என்று தம்பிராஜா வீட்டிலிருந்தே நீளமான கடித உறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கொட்டுகொடெல்ல வீதியில், பங்குத் தரகர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், அதை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார்.

கீழே பேக்கரியில் மனைவி இரஞ்சிதம் காத்திருந்தாள். அவளுடைய முழங்கால்கள் படியேற விடுவதில்லை. திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. சனிக்கிழமைக்குள் பதினெட்டு லட்சம் கட்டாவிட்டால் அந்தத் திகதி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்தக் காசும் சேர்த்து இருபது லட்சம் மூன்று கிழமையாக இங்கே கிடந்தது. ஹந்தானையில் ஹோட்டல் கட்டும் கம்பனி ஒன்று முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. பங்கொன்று ஐம்பது ரூபாய்.

"நீர் எவ்வளவு கேட்டனீர்?" என்றார், பக்கத்தில் இருந்த அலவத்துகொடப் புடைவை வியாபாரி முனாப்பிடம்.

"ஐநூறு சேர். எனக்குத் தேவ அவ்வளவுதான்."

அரசாங்க அதிபரின் கச்சேரியில் முப்பது வருடம் தலைமை லிகிதராக இருந்த தம்பிராஜாவுக்குச் சிரிப்பு வந்தது.

"தேவையானதைக் கேட்டால் ஒண்டும் மிஞ்சாது, காணும். எனக்குத் தேவை நாலாயிரம். கேட்டது நாப்பதாயிரம். சனம் விழுந்தடிச்சுக் கேக்கேக்கை பத்திலை ஒண்டுதான் பிரிச்சுக் குடுப்பாங்கள். மிச்சக் காசு திரும்பி வரும். துணி அளக்கிற ஆக்களுக்கு உது விளங்காது."

"சனம் அவ்வளவு வந்திச்சா சேர்?"

"கடைசித் திகதியை ரெண்டு தரம் தள்ளி வைச்சவங்கள். சனம் வராமலோ?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் துஷ்யந்தி தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கலஹா தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் என்று விசாரித்து வைத்திருந்தார். விண்ணப்பம் கொடுத்த அன்று அவரது படிவத்தைப் பார்த்துவிட்டு, "அவ்வளவும் கெடைச்சா பரவாயில்லீங்களா ஐயா? இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க" என்று கம்பனியின் விபரப் புத்தகத்தை நீட்டியவள்.

ஒற்றை விரலால் அதைத் தள்ளிவிட்டார். "கொழுந்துக் கூடை தூக்க வேண்டியதுகள் எனக்குப் பாடம் எடுக்குதுகள்" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது இரஞ்சிதத்திடம் சொல்லியும் ஆயிற்று.

முனாப்பைக் கூப்பிட்டார்கள். ஒரு தாளோடு முகம் மலர்ந்து திரும்பினான்.

"ஐநூறும் முழுசாக் கெடச்சிரிச்சி சேர்!"

"சின்ன ஆக்களுக்கு அப்பிடித்தான். வாயை மூடட்டும் எண்டு எறியிறது."

அடுத்தது அவர். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய், கடித உறையால் தடுப்பைத் தட்டினார்.

"பிள்ளை, என்ரை செக்கைக் கொண்டு வாரும். மனிசி கீழை காத்துக்கொண்டிருக்கிறா."

துஷ்யந்தி கணினியைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"செக் ஒண்ணும் இல்லீங்களே ஐயா."

"இல்லையோ?" குரல் படிக்கட்டு வரைக்கும் போயிற்று. "பேர் எழுதத் தெரியாததுகளை வைச்சு வேலை வாங்கினால் உப்பிடித்தான். கூப்பிடும் உம்மட மனேஜரை! என்ரை காசை ஆர் எடுத்தது?"

அவள் கோபப்படவில்லை. கணினித் திரையை அவர் பக்கம் மெல்லத் திருப்பி வைத்தாள்.

"வேற ஆளுங்க அவ்வளவா வரலீங்க ஐயா. நீங்க கேட்ட நாப்பதாயிரமும் உங்களுக்கே குடுத்துட்டாங்க."