ரென்டாரோவின் வலது கை

"அவனை நான் இன்னாத்துக்கு வெட்டணும்? அத்தச் சொல்லு மொதல்ல. அப்பால வெட்டறேன்" என்றார் கோதண்டம்.

பவ்யா திகைத்தாள். பூந்தமல்லியில் அந்த பிசியோதெரபி மையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எந்த நோயாளியும் இப்படிக் கேட்டதில்லை. கை விழுந்தவர்களுக்கு அங்கே ஒரு சாமுராய் வீடியோ கேம்தான் பயிற்சி. கையில் ரிமோட்டைப் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். விரலை மடக்கி இறுக்கினால் டிவியில் இருக்கும் சாமுராய் வாளை உருவுவான். கையை வீசினால் எதிரி சாய்வான். மற்றவர்கள் எல்லாம் காரணம் கேட்காமல்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இது சும்மா பயிற்சிதாங்க."

"சும்மா எவனாவது ஒருத்தனை வெட்டுவானா? இவன் யாரு, எந்த ஊரு, இன்னா பிரச்னை?"

பக்கவாதத்தில் கோதண்டத்தின் வலது கை மரக்கட்டையாகிவிட்டிருந்தது. மாங்காட்டில் ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர். இப்போது சட்டைப் பொத்தானைக்கூட கூடவே வரும் வேலுசாமிதான் போட்டுவிட வேண்டும். ஆட்டோவில் கூட்டி வருவது, செருப்பைக் கழற்றுவது, டீயை ஆற்றி வாயருகே பிடிப்பது எல்லாமே வேலுசாமிதான். அதட்டலுக்கும் திட்டுக்கும் பதில் பேசாத ஆள். சம்பளத்துக்கு இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம் என்று பவ்யா நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்த கேமின் கதை நன்றாகவே தெரியும். கல்லூரி நாட்களில் தூக்கம் கெட்டு விளையாடியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாள் வெச்சிருக்கிற இவன் பேரு ரென்டாரோங்க, அண்ணன்காரன். அப்பா சாகும்போது பெரியவனுக்கு வாளையும், சின்னவனுக்குக் கோட்டைச் சாவியையும் கொடுத்துட்டுப் போறாரு. வாள் இருக்கிறவன் காவல் காக்கணும், சாவி இருக்கிறவன் ஆளுங்களைப் பார்த்துக்கணும். ஆனா சின்னவன், அண்ணன்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லாம எதிரிக்குக் கதவைத் திறந்து விட்டுடறான். சண்டையில ரென்டாரோவோட வலது கை வெளங்காமப் போயிடுது. அவனை ஆத்துல தூக்கிப் போட்டுடறாங்க."

"தம்பியா?" என்றார் கோதண்டம்.

"கூடப் பொறந்த தம்பிங்க ஐயா."

கோதண்டம் திரையை முறைத்தார். அவருடைய சுண்டுவிரல் மெல்ல அசைந்தது.

"ஐயா! விரல்!" என்று கத்தினாள் பவ்யா.

"விரல் கெடக்கட்டும். மேல சொல்லு."

அன்றிலிருந்து கதையே மருந்தானது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சொல்வாள், அவர் கொஞ்சம் வெட்டுவார். ரென்டாரோவை ஒரு மீனவக் குடும்பம் காப்பாற்றிய கதையைச் சொன்னபோது மோதிர விரல் மடங்கியது. கோட்டையைத் திறந்துவிட்ட தம்பி அதே கோட்டையில் எதிரிக்குக் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னபோது முழுக் கையும் இறுகி, திரையில் முதல்முறையாக வாள் பளிச்சென்று வெளியே வந்தது.

"வெட்டு அண்ணாத்தே, உடாதே!" என்று மூலையிலிருந்து வேலுசாமி உற்சாகமாகக் குரல் கொடுத்தார். பிறகு பவ்யாவிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இதுல சமாதானமாப் போவ வழியே இல்லியா?"

"நீ மூடிகினு டீயை ஆத்து" என்றார் கோதண்டம்.

எல்லாக் கட்டங்களையும் தாண்டி, கடைசிக் கட்டத்துக்கு வந்த நாளில் அவர் சாய்மானம் இல்லாமல் நின்றார். திரையில் கொட்டுகிற மழை. கோட்டையின் உச்சியில் தம்பி மண்டியிட்டுத் தலையைக் குனிந்திருந்தான்.

"கடைசில இவனை வெட்டிடறானா, இல்லியா?"

"அது விளையாடறவங்க கையில இருக்குங்க. கையை ஓங்கி வீசினா வெட்டிடுவான். கீழே இறக்கினா மன்னிச்சுடுவான். ரெண்டு விதமாவும் கதை முடியும்."

கோதண்டத்தின் கை நடுங்காமல் தோள் உயரத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. மூலையில் வேலுசாமி எழுந்து நின்றுவிட்டார்.

கை மெல்லக் கீழே இறங்கியது. ரென்டாரோ வாளை உறையில் போட்டான். மழை விட்டது.

பவ்யாவுக்குக் கண் கலங்கியது. "மன்னிச்சுட்டீங்களாங்க ஐயா?"

"பொம்மைகிட்ட எனக்கு இன்னா கோவம்?" என்றார் கோதண்டம். "இத்தக் கழட்டு."

பட்டையை அவிழ்த்தாள். அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "வேலு, இங்க வா" என்றார்.

வேலுசாமி செருப்பை எடுத்துக்கொண்டு அருகே வந்தார். கோதண்டம் வலது கையை ஓங்கி, பளார் என்று அவர் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"ஐயோ! அவரை ஏங்க அடிக்கிறீங்க?"

"என் தம்பிம்மா இவன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான ஏரிக்கரை நெலத்தை விக்க ப்ளாட் கல்லு நட்டுட்டான். அன்னிக்கு இவனை அடிக்க ஓங்கின கையோடதான் நான் கீழ வுழுந்தேன்."

பவ்யா வேலுசாமியைப் பார்த்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய கண்களில் நீர் கொட்டியது, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணனுக்குக் கை வந்துடுச்சும்மா! நல்லாவே வலிக்குது!"