நாற்பதாயிரம் கற்கள்

எகிப்தில் அணைநீரில் மூழ்கிய பழங்கோயிலைப் பெயர்த்து, வேறொரு நதித்தீவில் நிறுத்தும் வேலைக்குப் போன பீர் முகம்மது, மூன்றாண்டு கழித்துத் திருவண்ணாமலையில் வந்திறங்கினான். மாமன் அப்துல் ரசாக் உடன் நடந்தார்.

“அவ்ளோ பெரிய கோயில எப்பிட்றா தூக்குனீங்க?”

“நாப்பதாயிரம் கல்லாப் பிரிச்சோம், மாமு. நம்பர் போட்டது நானு. ஒரு கல்லுகூட இடம் மாறல.”

“பலே, கில்லாடிடா நீ!”

பேச்சோடு பேச்சாகக் கபர்ஸ்தானுக்குள் நுழைந்தார்கள். தாய் இறந்த தந்தி வந்தபோது அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

“எதுங்க மாமு, அம்மா கபுரு?”

புல் மண்டிய தரையை மாமன் வெகுநேரம் பார்த்தார்.

“நீ வந்து அடையாளம் வெப்பேன்னு விட்டுட்டோம்பா. மழையில மேடெல்லாம் கரைஞ்சிடுச்சு. இந்தப் பக்கந்தான்… எங்கியோ.”