கீன மரத்து முனி

கோடாரி என் கையில்தான் இருந்தது.

கீன மரத்தை வெட்டுவது என்று காட்டுக் கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. காட்டைக் காப்பதற்காக ஏற்படுத்திய கமிட்டி அது.

மரத்தடியில் முனியாண்டிக் கல் இருக்கிறது. அதற்குக் கோயில் கட்ட வேண்டும். தகரக் கூரை போட்டால் மேலே கிளை முறிந்து விழும், மரத்தையே எடுத்துவிட்டால் கூரைச் சட்டத்துக்கும் ஆயிற்று என்றார் ஆண்டியப்பன் கங்காணி. அவர்தான் கமிட்டித் தலைவர். முனி மழையில் நனைவது அவருக்குப் பொறுக்கவில்லை.

கினிகத்தேனைக் கடையில் தகரம் வாங்கி வந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் சாத்தியும் வைத்துவிட்டார்கள்.

அந்த மரத்தின் வேரடியில்தான் ஊற்று. அந்தத் தண்ணீர்தான் இறங்கி வந்து எங்கள் லயத்துப் பீலிக் குழாய் வழியே விழுகிறது. கமிட்டியில் ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள். பீலியில் குளித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு குடம் தூக்கியதில்லை.

தூக்குகிறவள் என் மனைவி ராக்காயி.

நாங்கள் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்தில் பீலிக்கு மேலே இருந்த காட்டை மொட்டையடித்தார்கள். மறு வருசம் பீலி வற்றியது. தண்ணீருக்கு ஒரு மைல் கீழே ஆற்றுக்குப் போனவள், ஏற்றத்தில் குடத்தோடு விழுந்தாள். வயிற்றில் இருந்தது போயிற்று. அதற்குப் பிறகுதான் இங்கே வந்தோம்.

"வெட்டாதீங்க" என்று மட்டும் காலையில் சொன்னாள்.

நான் மாட்டேன் என்றால் கங்காணி வேறு ஆளை வைத்து வெட்டுவார் என்றேன். அவள் தேங்காய்ப்பூவையும் மிளகாயையும் எடுத்துக்கொண்டு, சம்பல் அரைக்கப் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போய்விட்டாள்.

போன வருசமும் இந்த மரம் சாக வேண்டியது. ஃபக்டரி அடுப்புக்கு விறகு வேண்டுமென்று காட்டு மரங்களில் சிவப்பு மையால் நம்பர் போட்டார்கள். மறுநாள் பார்த்தால், கீன மரத்தடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஒரு கல், பாதி மண்ணுக்குள் நின்றது. தானாக முளைத்த சாமி என்றார்கள். ஒருவனும் கோடாரியைத் தொடவில்லை. துரை கத்திப் பார்த்தார். முனிக்கு முன்னால் துரை சின்ன ஆள்.

வன இலாகாவிலிருந்து பரமலிங்கம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஜனங்களின் பக்தி காட்டைக் காப்பாற்றியது என்று நோட்டில் எழுதிக்கொண்டு, கமிட்டியையும் அமைத்துக் கொடுத்தார்.

"இனி நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ. இது உங்கட காடு" என்றார்.

அதே மாதம்தான் எங்கள் பிரஜாவுரிமை மனுக்கள் தள்ளுபடியாகித் திரும்பி வந்திருந்தன. நாடு இல்லை. காடு கிடைத்தது.

வெட்டுவதற்கு முன்னால் முனியை ஓரமாக எடுத்து வைக்க வேண்டும். பூசாரி நல்லமுத்து தேங்காய் உடைத்தார். மண்ணைக் கிளறிக் கல்லைத் தூக்கினார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பீலித் தண்ணீர்தான். ஒரு வருசத்து மஞ்சளும் எண்ணெயும் கரைந்து ஓடின.

கல் கறுப்பாக, உருண்டு நீண்டிருந்தது. லிங்க ரூபம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இத்தனை நாள் மண்ணுக்குள் இருந்த முனையில், நகத்தளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

நான் அந்த இடத்தையே பார்த்தேன். பிறகு பெண்கள் கூட்டத்தில் நின்ற ராக்காயியைப் பார்த்தேன். அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

"என்னடா அழகா, மரத்தப் பாத்தா பொண்டாட்டி மாதிரி இருக்கா? போடுடா" என்றார் கங்காணி.

கூட்டம் சிரித்தது.

நான் சாமி ஆடுகிறவன் இல்லை. ஆடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன்.

கோடாரியை விட்டெறிந்தேன். உடம்பை உதறினேன். தலையைச் சுழற்றினேன். தொண்டையிலிருந்து எனக்கே பழக்கமில்லாத குரல் வந்தது.

"எவன்டா எனக்குத் தகரம் கேட்டவன்? இந்த மரந்தான்டா என் கூரை."

காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினால் என்னை லயத்துக்கே விரட்டுகிற கங்காணி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து என்னிடம் திருநீறு கேட்டார். பூசினேன். கொஞ்சம் அழுத்தியே பூசினேன்.

முனியைப் பழைய குழியிலேயே நட்டார்கள். கமிட்டி அங்கேயே கூடி, இந்த மரத்தை எக்காலத்திலும் வெட்டுவதில்லை என்று புதிய தீர்மானம் எழுதியது. மூன்று பேர் கையெழுத்து, இரண்டு பேர் கைநாட்டு. காட்டைக் காத்தவர்கள் என்று ஐந்து பேரின் பேரையும் பரமலிங்கம் ஐயாவுக்கு அனுப்பப்போவதாகக் கங்காணி சொன்னார்.

மத்தியானம் ராக்காயி ரொட்டியும் சம்பலும் வைத்தாள்.

"சாமிக்கு இன்னொரு ரொட்டி வேணுங்களா?"

முகத்தில் சிரிப்பே இல்லை. நான் தட்டை நீட்டினேன்.

அந்தச் சில்லு எப்படிப் பெயர்ந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பழைய சண்டை ஒன்றில், கோபத்தில் நான் அதை வாசற்படியில் ஓங்கிப் போட்டேன்.

மூலையில் எங்கள் அம்மி கிடந்தது. கழுவப்போன இடத்தில் குழவி ஆற்றோடு போய்விட்டது என்று போன வருசம் அவள் சொன்னபோது, ஒரு குழவியைக் கூடப் பத்திரமாக வைக்கத் தெரியாதவள் என்று ஏசியிருந்தேன்.